மகன் இணையத் தொலைக்காட்சி தொடங்கப் போகிறானாம்: தலவாக்கலை அம்மா ஒருவருக்கு

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு "இன்டர்நெட்டில் டீவி நடத்தப் போகிறேன்" என்று மகன் ஒற்றைக் காலில் நிற்பதாகவும், கேமரா வாங்க உங்கள் நகையை அடகு வைக்கச் சொல்வதாகவும் கேட்டிருந்தீர்கள். தொடங்கட்டும் அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

படம் எடுக்க அவன் கையிலுள்ள போனே போதும். சத்தம் சரியில்லை என்றால்தான் ஆட்கள் அரை நிமிடத்தில் ஓடிவிடுவார்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தகரக் கூரையில் மழை கொட்டும்போது பேசினால் ஒரு சொல்லும் விளங்காது. மே மாதத்துக்குப் பிறகு அந்த மழை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சட்டையில் குத்துகிற மைக் ஒன்று, ஸ்டாண்ட் ஒன்று, டேட்டா. முதல் வருடத்துக்கு வேறு செலவு வேண்டாம்.

யார் பார்ப்பதற்கு என்று அவனிடம் கேளுங்கள். "எல்லாரும்" என்றால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போனவர்கள், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறி நீலகிரியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் மலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். சினிமாச் செய்தி சொல்ல ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுவதிலிருந்து எரிக்கும் இரவு வரை ஒரே தோட்டத்தில் நின்று காட்டுவதற்கு எத்தனை பேர்? வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், தவறாமல் போடட்டும்.

திருவிழாவை நேரலை செய்ய ஆசைப்படுவான். யூடியூபில் போனிலிருந்து நேரலை போக 50 சந்தாதாரர்களாவது வேண்டும். கோயில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் அது தானாகக் கண்டுபிடிக்கப்பட்டு, வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், நேரலையே நின்றும் போகலாம். தப்பு மேளச் சத்தத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

சரி, காசு. விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர்களும் 12 மாதத்துக்குள் 4000 மணித்தியாலப் பார்வையும் தேவை. ஒருவர் நாலு நிமிடம் பார்ப்பார் என்று வையுங்கள், 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். அதன் பிறகு நீண்ட வீடியோ விளம்பரத்தில் 55 வீதம் அவனுக்கு, ஆனால் 100 டொலர் சேரும்வரை கைக்கு வராது. அதற்கு முன்பே, 10 டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிப்படுத்த, யூடியூபை நடத்தும் கூகுள் தபாலில் ஓர் இரகசிய இலக்கம் அனுப்பும். நாலு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். லய வீட்டுக்கு இலக்கம் இல்லாமல், தோட்டத்து ஒபீஸில் கடிதங்கள் கிடந்து தொலையும் கதை நமக்குப் புதிதா? டவுனில் நம்பிக்கையான ஒருவருடைய முகவரியை இப்போதே கேட்டு வையுங்கள். விளம்பரப் பணம் வரும் கணக்கு 18 வயது நிறைந்தவர் பெயரில் இருக்க வேண்டும்.

முதல் வருடம் இதில் வருமானம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். வெட்டுப்புள்ளி கிடைத்தால் கம்பஸுக்குப் போகட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படிக்கலாம். டீச்சிங்தான் உங்கள் விருப்பம் என்றால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், சேனல் அதற்குக் குறுக்கே நிற்காது. பெறுபேறு வரும்வரை சும்மா வீட்டில் வைத்திருக்காமல், கல்யாணம், சடங்கு வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றில் உதவிக்குச் சேர்த்துவிடுங்கள். எடிட்டிங் அங்கேதான் கைவரும், டேட்டாவுக்கும் அவனே காசு கொடுப்பான்.