அர்டுயினோ ஊனோ போர்டில், பின்னின் வோல்டேஜைப் படிக்கும் அனலாக்ரீட் கட்டளை தரும் 0–1023 எண் எப்படி வருகிறது?

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, 10 பிட். அதனால் அது 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட்.

பின்னில் 3.3 வோல்ட் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உள்ளே இருக்கும் ஒரு குட்டி கெப்பாசிட்டர் அந்த வோல்டேஜைப் பிடித்து வைக்கும். அப்புறம் தராசில் பெரிய எடைக்கல்லிலிருந்து தொடங்குகிற மாதிரிதான். 5-இல் பாதியான 2.5-ஐ விட அதிகமா? ஆம், 1. 3.75-ஐ விட? இல்லை, 0. 3.125-ஐ விட? ஆம், 1. இப்படிப் பத்து முறை ஒப்பிட்டால் பைனரியில் 1010100011, அதாவது சாதாரண எண்ணில் 675.

இதற்கு 13 ஏடிசி கிளாக் சுற்றுகள் ஆகும். அர்டுயினோ அந்தக் கிளாக்கை 125 கிலோஹெர்ட்ஸில் வைத்திருப்பதால், ஒரு ரீடிங்குக்குச் சுமார் 104 மைக்ரோசெகண்ட்.

ரீடிங் தாறுமாறாக வந்தால் உடனே புரோகிராமைச் சந்தேகிக்காதீர்கள். சென்சார் பக்கத்து ரெசிஸ்டன்ஸ் 10 கிலோ ஓமுக்கு மேல் போனால் அந்தக் கெப்பாசிட்டர் முழுசாக நிரம்ப நேரம் பத்தாது. யூஎஸ்பி சப்ளை சரியாக 5 வோல்ட் இல்லையென்றாலும் கணக்கு தப்பும், சப்ளைதானே அளவுகோல்!