டாக்டரிடம் கேளுங்கள்: ஜீன்ஸ் பையில் பாதி மாத்திரை

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஐ.டி. வேலை. சனிக்கிழமை ஆனால் இந்திராநகர், கோரமங்களா என்று பப்புக்குப் போய்விட்டு விடியற்காலையில் வருகிறான். துவைக்கப் போட்ட ஜீன்ஸில் சின்ன ஜிப் கவரும் பாதி மாத்திரையும் இருந்தன. கேட்டால், "எப்பவாவதுதாம்மா, எம்.டி.எம்.ஏ." என்கிறான். பார்ட்டியில் போடும் போதை மாத்திரையாம். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறவன். குடும்ப டாக்டரிடம் சொல்லலாமா? போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமா?
- ஒரு தாய், அல்சூர், பெங்களூர்

பதில்: சொல்ல வேண்டும் அம்மா. ஆனால் அதை அவன் வாயால் சொல்ல வேண்டும்.

சில வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை, தாடை வலி என்று ஒரு பையன் என்னிடம் வந்தான். முந்தின நாள் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லையாம். கன்னத்தின் உள்பக்கம் பல் பட்டுப் புண். பக்கத்திலேயே அவன் அம்மா. "சிகரெட், குடி உண்டா?" என்றேன். அம்மாவைப் பார்த்தபடியே "இல்லை" என்றான். பல் டாக்டருக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டேன். எக்ஸ்டசி (உங்கள் மகன் சொன்ன எம்.டி.எம்.ஏ.வேதான்) போட்டால் தாடை இறுகும், பல்லைக் கடிப்பார்கள் என்று நானும் படித்தவன்தான். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் இளவட்டம் யார் வந்தாலும் ஐந்து நிமிஷம் தனியாகப் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது எஸ்சிடலோபிராம். அது இருக்கும்போது எம்.டி.எம்.ஏ.வின் போதை பலருக்குச் சரியாக ஏறாது. "ஏறலையே" என்று இன்னொன்றைப் போடுவார்கள். இரண்டுமே மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டுபவை. அது எல்லை மீறினால் நடுக்கம், கடும் காய்ச்சல், குழப்பம், சில சமயம் வலிப்பு. இதற்குப் பயந்து எஸ்சிடலோபிராமைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இந்த விஷயம் தெரிந்தாக வேண்டும். அப்புறம் தண்ணீர். நெரிசலில் ஆடி வியர்த்து உடம்பு கொதிப்பது ஒரு ஆபத்து; பயந்துபோய் பாட்டில் பாட்டிலாகக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்குவது இன்னொன்று.

போலீஸ் விஷயம். நோயாளி சொன்னதை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, உபயோகிப்பதும் குற்றம்தான். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு வழக்குகளில் விலக்கு தருகிறது. ஒன்று, அந்தப் பாதி மாத்திரையை டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகாதீர்கள். பார்த்து அவருக்கு ஒன்றும் தெரியாது. கையில் இருந்தால் வம்பு உங்களுக்கு.

டாக்டருக்கு முன்கூட்டியே ஒரு ஃபோன் போட்டு, "தனியாக அனுப்புகிறேன், நேரம் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பழக்கம் விடவில்லை என்றால் நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கு உதவி கேட்க 14446 என்ற இலவச எண்ணும் உண்டு. அவன் நண்பர்களிடமும் ஒரு வார்த்தை: யாருக்காவது உடம்பு கொதித்து, உளற ஆரம்பித்தால் 108ஐக் கூப்பிட்டு, என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லட்டும்.