வாசகர் கேள்வி – பதில்: ஆர் மொழியில் வகைத் தரவும் அட்டவணையும்

கேள்வி: கருத்துக்கணிப்பு விடைகளை ஆர் நிரல்மொழியில் அட்டவணையாக்கியபோது 'நடுத்தரம்' என்பது கடைசியில் போய் நின்றது. ஃபேக்டராக (வகைத் தரவுக்கான அமைப்பாக) மாற்றி லெவல்களை (வகைகளின் பட்டியலை) நானே எழுதிக் கொடுத்ததும் வரிசை சரியாயிற்று. ஆனால் மொத்த எண்ணிக்கை குறைந்துவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லையே, ஏன்? – முதுகலை மாணவி ஒருவர்

பதில்: நாம் வரிசை சொல்லாதவரை ஆர் அகரவரிசையைத்தான் பின்பற்றும், அதனால் அதிகம், குறைவு, நடுத்தரம் என்றே அட்டவணை வரும். ஆங்கிலத்தில் ஹை, லோ, மீடியம் என்று உள்ளிட்டிருந்தாலும் இதே வரிசைதான் கிடைத்திருக்கும் என்பது ஒரு வேடிக்கை. ஆகவே லெவல்களை நீங்களே எழுதிக் கொடுத்தது சரியான வழியே. ஆனால் அந்தப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாத விடை எதுவானாலும், ஃபேக்டர் கட்டளை அதை எச்சரிக்கையின்றி 'என்ஏ' (விடுபட்ட மதிப்பு) ஆக்கிவிடும். டேபிள் கட்டளையோ, நாம் கேட்காத வரையில், 'என்ஏ'க்களை எண்ணுவதே இல்லை. 'அதிகம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். ட்ரிம்டபிள்யுஎஸ் கட்டளையால் ஓர இடைவெளிகளை நீக்கிவிட்டு, ஃபேக்டராக மாற்றுவதற்கு முன்பே மூல விடைகளை ஒருமுறை அட்டவணையிட்டுப் பாருங்கள். பிறகு யூஸ்என்ஏ என்ற தெரிவுக்கு 'இஃப்எனி' என மதிப்புக் கொடுத்தால் விடுபட்டவை தனி இடத்தில் எண்ணிக் காட்டப்படும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி: ஃபேக்டர் உள்ளுக்குள் 1, 2, 3 என்ற குறியெண்களாகவே சேமிக்கப்படுகிறது. எண்கள் அடங்கிய நிரல் (அட்டவணையின் செங்குத்து வரிசை) எப்படியோ ஃபேக்டராகிவிட்டால், அதை நேரடியாக எண்ணாக மாற்றும்போது உண்மையான எண்ணுக்குப் பதில் இந்தக் குறியெண்ணே கிடைக்கும். முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். 2020இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து, கோப்பைப் படிக்கும்போது எழுத்து நிரல்கள் தாமாக ஃபேக்டராவதில்லை. பழைய கணினி நிரல்களை (ஸ்கிரிப்டுகளை) ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஒரே அட்டவணைக்கு, விகிதம் கணக்கிடும் ப்ராப்.டேபிள் கட்டளை மூன்று வகையான விழுக்காடுகளைத் தருகிறது. கட்டுரையில் எதை எழுதுவது? – கல்லூரி ஆசிரியர் ஒருவர்

பதில்: எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை. ஆருடன் இணைந்தே வரும் 'யுசிபி அட்மிஷன்ஸ்' தரவை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், 1973ஆம் ஆண்டு, மிகப் பெரிய ஆறு துறைகளின் (தரவில் அவை ஏ முதல் எஃப் வரை எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன) பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த 4,526 பேரின் கணக்கு அது. துறைகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்கள் 2,691 பேரில் 1,198 பேருக்கும், பெண்கள் 1,835 பேரில் 557 பேருக்கும் இடம் கிடைத்தது.

இந்த 557 என்ற ஓர் எண்ணையே பாருங்கள். எதன் கூட்டுத்தொகையால் வகுப்பது என்று சொல்லும் தெரிவான மார்ஜின் எதுவும் குறிப்பிடாவிட்டால் மொத்த விண்ணப்பங்களால் வகுத்து 12.3 விழுக்காடு வரும். சேர்க்கையில் பெண்களிடம் பாகுபாடு இருந்ததா என்ற கேள்விக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மார்ஜின் 1 என்றால் நிரையின் (கிடை வரிசையின்) கூட்டுத்தொகையால் வகுபட்டு 31.7 வரும்: இடம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு. மார்ஜின் 2 என்றால் நிரலின் கூட்டுத்தொகையால் வகுபட்டு 30.4 வரும்: விண்ணப்பித்த பெண்களில் இடம் பெற்றவர்களின் பங்கு. கடைசி இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டாலும் எவருக்கும் உறுத்தாது என்பதே ஆபத்து. பாகுபாடு உண்டா என்று கேட்பவருக்கு மூன்றாவதுதான் வேண்டும். அதற்கு இணையான ஆண்களின் விழுக்காடு 44.5.

ஆனால் அத்துடன் நிறுத்தினால் கட்டுரை தவறாகும். மார்ஜினுக்குப் பாலினம், துறை இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, துறைவாரியாக விழுக்காடு எடுங்கள். ஏ துறையில் பெண்களில் 82 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 62 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விகிதமே உயர்வு, மற்ற இரண்டில் ஆண்களின் விகிதம் சற்றே கூடுதல். எளிதில் இடம் கிடைத்த ஏ, பி துறைகளுக்கு ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்திருக்க, பெண்களில் 133 பேரே அவற்றை நாடினர். மற்றவர்கள், பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைக்காத எஃப் உட்பட, போட்டி கடுமையான துறைகளில் நின்றனர். பிக்கல், ஹாம்மல், ஓ'கானல் மூவரும் 1975இல் 'சயின்ஸ்' இதழில் பெர்க்லி சேர்க்கையை அலசி, மொத்தக் கணக்கு இவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதை விளக்கினர். இதையே சிம்ப்சன் முரண் என்கிறோம். பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நாடினர் என்பதற்கு இந்த அட்டவணையில் விடை இல்லை. அது வேறு ஆய்வு.

மூன்று மாறிகள் கொண்ட அட்டவணையை ஆர் துண்டு துண்டாக அச்சிடும். எஃப்டேபிள் கட்டளை அதை ஒரே தாளில் அடங்கும்படி தரும்.

கேள்வி: ஒரு மாவட்டத்தின் தரவை மட்டும் பிரித்தெடுத்த பிறகும் மற்ற மாவட்டங்கள் சுழியத்தோடு அட்டவணையில் நிற்கின்றனவே? – ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: தரவை வடிகட்டினாலும் ஃபேக்டரின் லெவல் பட்டியல் மாறுவதில்லை. ட்ராப்லெவல்ஸ் கட்டளை அவற்றை நீக்கும். எனினும், 'மிக மோசம்' என்று ஒருவரும் சொல்லவில்லை என்பது போன்ற சுழியம் ஒரு செய்தி. விடைகளின் அளவுகோலில் வரும் சுழியங்களை அப்படியே விட்டுவிட்டு, மாவட்ட நிரலுக்கு மட்டும் அந்தக் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.