அஞ்சறைப்பெட்டி கண்ணெதிரே இருந்தும் அம்மாவுக்குத் தெரியவில்லையே?

கேள்வி: சிங்கப்பூரில், தோ பாயோவில் மூவறை வீட்டில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது. அவர் முப்பது ஆண்டுகள் புழங்கிய சமையலறையைச் சென்ற மாதம் புதுப்பித்தோம். இப்போது அஞ்சறைப்பெட்டி கண்ணெதிரே இருந்தாலும், அது முன்பு இருந்த மூலையையே துழாவுகிறார். கடைத்தொகுதியில் ஒருவர் கைக்கணினியில் சோதித்துவிட்டு, நினைவாற்றல் குறைந்துவிட்டது, ஆறு மாதப் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா?

பதில்: ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். அம்மாவின் கண் பழைய மூலைக்குப் போவது, அவருடைய மூளை அந்தச் சமையலறையை நன்றாகக் கற்று வைத்திருப்பதால்தான்.

பழகிய இடத்தில் நாம் ஒவ்வொரு பொருளாகப் பார்த்துத் தேடுவதில்லை. அடுப்புக்கு வலப்புறம், எண்ணெய்த் தூக்குக்குப் பின்னால் என்று சுற்றியுள்ளவையே கண்ணைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். 1998இல் மார்வின் சுன், யூஹொங் ஜியாங் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். திரையில் சிதறிக் கிடக்கும் ஆங்கில ‘எல்’ எழுத்துகளுக்கு நடுவே ஒரு ‘டி’யைக் கண்டுபிடிக்க வேண்டும். சில அமைப்புகளை மட்டும் சொல்லாமல் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த அமைப்புகளில் மட்டும் தேடல் விரைவானது. ஆனால் ‘இதை முன்பு பார்த்தீர்களா?’ என்று கேட்டபோது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சரியாகச் சோதனையில் பங்கேற்றவர்களால் சொல்ல முடியவில்லை. கற்றது அவர்களுக்கே தெரியாது!

அம்மாவுக்கு நேர்ந்திருப்பது இதன் மறுபக்கம். சுற்றுப்புறம் பழையதாக இருக்க, தேடும் பொருள் மட்டும் இடம் மாறினால், கண் பழைய இடத்துக்கே இழுபடும். ‘இங்கேதானே இருக்கிறது’ என்று பலமுறை சொன்னாலும் அந்த இழுப்பு சட்டென்று விடாது. கைக்கணினிக்காரர் பட்டியலைச் சொல்லி, நினைவிருக்கிறதா என்று கேட்டிருப்பார். அது வேறு வகை நினைவு. வயதானவர்களின் அச்சத்தைக் காசாக்கும் இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பரிசோதனை இலவசம் என்பார்கள். ‘குறைவு’ என்ற முடிவு மட்டும் தவறாமல் வரும்.

ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகப் படியுங்கள். 1999இல் சுன்னும் எலிசபெத் ஃபெல்ப்ஸ் என்ற ஆய்வாளரும், மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிக்கப்பட்ட மறதி நோயாளிகளைச் சோதித்தார்கள். பழகப் பழக அவர்களும் பொதுவாக வேகமாகவே தேடினார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வந்த அமைப்பால் அவர்களுக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை. முதுமை மறதி நோயிலும் ஹிப்போகாம்பஸ் தொடக்கத்திலேயே பாதிக்கப்படலாம். ஆகவே எதையும் மாற்றாத இடங்களைக் கவனியுங்கள். பூஜை அலமாரியில் கற்பூரத்தையும், துணி அலமாரியில் சேலையையும் அம்மா முன்போல் சட்டென்று எடுக்கிறாரா? எடுத்தால் நல்ல அறிகுறி. ஆனால் அதை மருத்துவரின் முடிவாகக் கொள்ளாதீர்கள். அங்கேயும் தடுமாறினால், சந்தைக்குப் போகும் பழகிய வழி தவறினால், மாத்திரையை இருமுறை விழுங்கினால், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துச் செல்லுங்கள். அங்கே, சமையலறையைச் சென்ற மாதம் மாற்றினோம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பொருள்களைத் தேடுகிறாரா என்று கேட்கும் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டை மாற்றினீர்களா என்று கேட்ட படிவம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

புதுப்பிப்புக் குத்தகைக்காரர்களையும் சொல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம். முப்பது ஆண்டுகள் அங்கே சமைத்தவரிடம், உப்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இனி வேலை பாக்கி இருந்தால் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பழைய சமையலறையின் படம் யாருடைய தொலைபேசியிலாவது இருக்கும். பொங்கல், தீபாவளிப் படங்களில் தேடுங்கள். அஞ்சறைப்பெட்டி, உப்பு ஜாடி, மாத்திரை டப்பா மூன்றையும் முன்பு எவற்றின் பக்கத்தில் இருந்தனவோ அவற்றின் பக்கத்திலேயே வையுங்கள். பழைய இடத்துக்குத் திருப்ப முடியாதவற்றுக்கு ஓர் இடத்தை முடிவுசெய்து, பிறகு நகர்த்தாதீர்கள். பணிப்பெண்ணிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.