கோயில் காட்டைச் சுத்தம் செய்யப் போகிறார்களா?

கேள்வி: மரக்காணம் பக்கம் எங்கள் ஊர். ஐயனார் கோயிலை ஒட்டி மூன்று ஏக்கர் அளவுக்குக் காடு இருக்கிறது. அதிலுள்ள செடிகளுக்கெல்லாம் என் பாட்டிக்குப் பெயர் தெரியும். எனக்கு வேம்பைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஊர்ப் பையன்கள் முள்ளையும் கொடியையும் வெட்டிச் சுத்தம் செய்து, வேலி போட்டு, நூறு கன்று நடப்போகிறார்கள். சரியா? நான் எங்கிருந்து கற்க ஆரம்பிப்பது? செங்காந்தள் கிழங்கைத் தோண்டி வந்து வீட்டில் வளர்த்துக் காப்பாற்றலாமா?

பதில்: முதல் வேலை, அந்த அரிவாளை நிறுத்துவதுதான். பையன்களைத் திட்ட வேண்டாம், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் கடற்கரைப் பக்கத்துக் காடு அப்படித்தான் இருக்கும்: குட்டையாக, இருட்டாக, கொடி பின்னி, முள் மண்டி. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ்ந்து, ஆறு மாத வறட்சியிலும் பச்சையாகவே நிற்கிற காடு. சோழமண்டலக் கரையில் இது பெரும்பாலும் மிஞ்சியிருப்பது இப்படிச் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த துண்டுகளில்தான். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். கொடியையும் புதரையும் எடுத்துவிட்டால் உள்ளே வெயில் இறங்கும், சருகு காயும், நிழலில் முளைத்த கன்றுகள் கருகும். நாலைந்து வருடத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இரண்டையும் வெட்டச் சொல்லுங்கள், இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

நாட்டுச் செடி எது, வந்தேறி எது என்பதில் நாமே ஏமாறுவோம். மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லியும், காயத்துக்குக் கசக்கி வைக்கும் வெட்டுக்காயப் பூண்டும்கூட அமெரிக்காவிலிருந்து வந்தவைதாம். அவற்றைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டி வைத்தியத்தில் இருப்பதெல்லாம் மண்ணின் செடி என்று எண்ண வேண்டாம்.

சரி, கற்பது எப்படி? நூறு செடியோடு ஆரம்பிக்காதீர்கள். மூன்று மரம் போதும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கரும்பச்சை, ஆனால் இலையைக் கையில் எடுத்தால் தனித்தனி. இலைகள் எதிரெதிரே சோடியாக நின்று, தோல் மாதிரித் தடித்து, நடுநரம்பைத் தவிர வேறு நரம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது காயா. உங்கள் பக்கம் காசா என்பார்கள். பூக்கும்போது கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலம் அப்பிக்கொள்ளும். காயாம்பூ வண்ணன் என்று திருமாலைச் சொல்வது ஏன் என்று அன்றைக்குத்தான் புரியும். ஒரு பூவைக் கிள்ளி எண்ணிப் பாருங்கள்: இதழ் நான்கு, மகரந்தத் தாள் எட்டு. அடுத்து, இலையைக் கிள்ளினால் பால் வடிந்து, இலை நுனி லேசாகக் குழிந்திருந்தால் பாலை. கசக்கினால் எலுமிச்சை வாசம், கிளையில் முள் என்றால் குருந்து. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகருக்குக் குரு காட்சி கொடுத்தது இந்த மரத்தடியில்தான் என்பார்கள். ஒன்று எச்சரிக்கை: பால் வடிகிற எதையும் தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். கள்ளிப்பால் பட்டால் மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.

பெயருக்கு ஆடு மேய்ப்பவர்களையும் விறகு பொறுக்கப் போகும் பெண்களையும் கேளுங்கள். ஒரே செடிக்கு மூன்று பெயர் வந்தால் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் நடந்து எது துளிர்த்தது, பூத்தது, பழுத்தது என்று தேதியோடு குறித்துவந்தால், ஒரு வருடத்தில் உங்கள் காட்டைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். படம் எடுத்தால் பூவை மட்டும் எடுத்து அனுப்பிப் பெயர் கேட்காதீர்கள் (எனக்கு வாரத்துக்குப் பத்து வருகிறது). முழுச் செடி, இலையின் இரண்டு பக்கமும், இலை தண்டில் சேரும் இடம், பூவின் பக்கவாட்டு, காய் எல்லாம் வேண்டும். செயலி சொல்லும் பெயரை யூகமாக மட்டும் வையுங்கள். குழப்பமானவற்றை ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்த்திப் பாதுகாத்த செடித் தொகுப்பு இருக்கிறது; முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

செங்காந்தளைத் தோண்டாதீர்கள். நான் தோண்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கிழங்கு கலப்பை போல வளைந்து, தொட்டால் ஒடியும். முளைக்கண் இருப்பது நுனியில்தான். என் கடப்பாரை அந்த நுனியைத்தான் ஒடித்தது. அடுத்த மழைக்கு ஒன்றும் வரவில்லை, காட்டிலும் ஒரு செடி போயிற்று. ஆசையாக இருந்தால் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று இதைப் பயிர் செய்யும் விவசாயிகளிடம் வாங்குங்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. குழந்தைகள் இருக்கிற வீடென்றால் வேண்டவே வேண்டாம்.

கன்று நடும் ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் கன்று அந்தக் காட்டு விதையிலிருந்தே வரட்டும், நடுவதும் காட்டுக்குள் இல்லை, ஓரத்து வெற்றிடத்தில். பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கண்ணில் படுவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மீதி பறவைக்கு. சதைப்பற்றான பழமென்றால் கழுவி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும், டப்பாவில் வைத்தால் உயிர் போய்விடும். சரக்கொன்றை மாதிரிக் கெட்டி விதையை ஓரத்தில் லேசாகத் தேய்த்து ஒரு இரவு ஊறவைத்தால்தான் முளைக்கும். இதற்கெல்லாம் முன்னால் அந்த நிலம் கோயிலுடையதா, வருவாய்த் துறையுடையதா, வனத் துறையுடையதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். காப்புக்காடு என்றால் அனுமதியில்லாமல் விதைகூட எடுக்க முடியாது.

அப்புறம் வேலி. ஆடு மாடு புகுந்து இளங்கன்றைக் கடிக்கிறது என்றால் போடலாம். ஆனால் கீழ்க் கம்பிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் விடச் சொல்லுங்கள். இரவில் மரநாய் வந்துபோக வேண்டும். பாலைப்பழத்தைத் தின்றுவிட்டு விதையை வேறொரு இடத்தில் போடுவது அதுதான்.