அன்றைக்கு மட்டும் யார் வீட்டுக் காசு?

கேள்வி: சென்ற இதழில் பிராக் நகரத்துப் பதிப்பகமான 'ஓய்க்கூமெனே' பற்றி எழுதியிருந்தீர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஒளிந்து மறைந்து, யார் தயவும் இல்லாமல் தத்துவமும் இறையியலும் வெளியிட்டவர்கள், 1989இல் ஆட்சி மாறிய பிறகு 'இலாப நோக்கற்ற நிறுவனம்' என்று சொல்லிக்கொண்டு மானியத்துக்குக் கை நீட்டுவானேன்? நல்ல புத்தகம் என்றால் தானாக விற்காதா? தவிர, இவையெல்லாம் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றனவே?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: 'யார் தயவும் இல்லாமல்' என்கிறீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒளிந்து மறைந்து புத்தகம் போட்டது இப்படித்தான்: மெல்லிய தாளையும் கார்பனையும் மாற்றி மாற்றி அடுக்கித் தட்டச்சுப் பொறியில் செருகி, விசைகளை ஓங்கிக் குத்தினால் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதிகள் தேறும். கடைசிப் பிரதி யார் கைக்கு வருகிறதோ அவர் கண்ணுக்குக் கேடு. செக் எழுத்தாளர் லுட்விக் வட்சுலீக் 1970களில் தொடங்கிய 'பெட்லிட்சே' என்ற தட்டச்சுப் புத்தக வரிசையில் தட்டச்சுக் கூலி, தாள், பைண்டிங் எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, வாசகரிடம் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே விலை இருந்தது, இலாபம்தான் இல்லை. நீங்கள் 1989க்குப் பிந்தைய தந்திரம் என்று நினைப்பது அவர்களுடைய பழைய வழக்கம்.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பிரதிகளின் முகப்பில் 'இதை மேற்கொண்டு படியெடுக்கக் கூடாது' என்று கண்டிப்பாக ஒரு வரி இருக்கும். போலீஸ் வந்து கேட்டால், இது புத்தகமே அல்ல, நண்பர்களுக்குள் பார்க்கக் கொடுத்த கைப்பிரதி என்று சொல்லலாம் அல்லவா? அந்தத் தடையை மீறிப் படியெடுப்பதே வாசகரின் கடமை.

கூலி, தாள் எல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு வேறு கணக்கில் எழுதப்பட்டது. செக் தத்துவ அறிஞர் யான் பட்டோச்கா 1972இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். வீடுகளில் பாடம் நடத்தினார். மனித உரிமை கேட்ட 'சாசனம் 77' இயக்கத்தின் செய்தித் தொடர்பாளர்களில் ஒருவரானார். விசாரணை மேல் விசாரணை. 1977 மார்ச் 13இல், 69 வயதில், இறந்துபோனார். அடக்கத்தின்போது தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றியது, பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் உறுமின. பேசியவர்களின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் போலீஸ் கைக்குப் போகும் முன்பே மாணவர்கள் அவற்றை அப்புறப்படுத்திவிட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் அவற்றை 27 தொகுதிகளாகத் தட்டச்சு செய்தார்கள். அந்த உழைப்புக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை.

லதிஸ்லாவ் ஹெய்டானெக்கும் தத்துவ அறிஞர்தான். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டார், இரவுக் காவல் பார்த்தார். 1980 முதல் அவர் வீட்டில் திங்கட்கிழமைதோறும் தத்துவக் கூட்டம். இந்த மாதிரி வீட்டு வகுப்புகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பேராசிரியர்கள் வந்தார்கள். அப்படி வந்த பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெரிடாவின் பெட்டியில் 1981 டிசம்பர் இறுதியில் போதைப்பொருளை வைத்துவிட்டு, கடத்தல்காரர் என்று கைதுசெய்தது அரசு. இறையியல் பக்கம் நிலைமை இன்னும் நேரடியானது: அரசின் அனுமதி இல்லாமல் ஒரு போதகர் பணியாற்றவே முடியாது, அனுமதியைப் பறித்தால் பிழைப்பும் போயிற்று.

ஓய்க்கூமெனே இந்த வட்டாரத்தில் பிறந்த தட்டச்சு வரிசைதான். கிரேக்கத்தில் 'மக்கள் குடியிருக்கும் உலகம்' என்று பொருள். சிலருடைய வீட்டுக்குள் மட்டுமே புழங்கிய ஒன்றுக்கு அப்படிப் பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

1989க்குப் பிறகு போலீஸ் போயிற்று. கூலி வாங்காத கைகளும் சேர்ந்து போயின. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? மொழிபெயர்ப்பாளருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் வாடகை கட்ட வேண்டும். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கரின் 'இருப்பும் காலமும்' ஜெர்மனில் வந்தது 1927இல்; செக் மொழியில் இவர்கள் வெளியிட்டது 1996இல், நால்வரின் உழைப்பில். இன்னொரு ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' 2001இல். செக் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடி. திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்கக்கால கிறிஸ்தவ இறையியலாளர்களின் நூலை, ஒரு பக்கம் மூலம் எதிர்ப்பக்கம் செக் என்று போட்டால் அதில் எத்தனை பேர் வாங்குவார்கள்? எங்கள் சந்தாப் பதிவேட்டை ஒரு நாள் உங்களுக்குக் காட்டினால் 'தானாக விற்கும்' என்ற சொல்லை நீங்கள் மறுபடி எழுத மாட்டீர்கள்.

ஆங்கிலத்தில் கிடைக்கிறதே என்கிறீர்கள். பட்டோச்கா எழுதியது செக் மொழியில். வரலாற்றுத் தத்துவம் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1975இல் பெட்லிட்சே தட்டச்சுப் பிரதியாக வந்தன, பிரெஞ்சில் 1981இல், ஆங்கிலத்துக்கு 1996இல்தான் வந்து சேர்ந்தன. அந்தப் பன்னிரண்டு பிரதிகளை முதலில் யாரோ உட்கார்ந்து அடித்திருக்காவிட்டால், ஆங்கிலத்தில் எதை மொழிபெயர்த்திருப்பார்கள்?