முழு வாக்கியமா, நாலு சொல்லா?

கேள்வி: இணையத்தில் தேடும்போது முழுக் கேள்வியாக எழுதலாமா, முக்கியச் சொற்களை மட்டும் போட வேண்டுமா? எப்படிப் போட்டாலும் எனக்கு வேண்டியது கிடைப்பதில்லை.

பதில்: எங்கே தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூகுளில் தாராளமாக வாக்கியமாகவே எழுதலாம். 2019-இல் பெர்ட் என்ற மொழி மாதிரியை, அதாவது ஏராளமான எழுத்தைக் கொண்டு மொழியில் பழக்கப்பட்ட நிரலை, சேர்த்த பிறகு, சொற்களுக்கு இடையே உள்ள உறவையும் அது கவனிக்கிறது. நூலகப் பட்டியல், மின்னஞ்சல் பெட்டி போன்றவை அப்படி இல்லை. பெரும்பாலும் எழுத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். ‘எப்படி’, ‘ஏன்’ எல்லாம் அங்கே வேண்டாத சுமை. தமிழில் உருபும் சேர்ந்துகொள்கிறது: ‘ஒப்பந்தத்தை’ என்று போட்டால் ‘ஒப்பந்தம்’ என்றுள்ள கடிதம் அகப்படாமல் போகலாம். உருபை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

ஆனால் உங்கள் சிக்கல் வாக்கிய நீளத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் சொல் ஒன்று, எழுதியவர் பயன்படுத்திய சொல் வேறொன்று. கணினி ஆய்வாளர் ஜார்ஜ் ஃபர்னாஸும் சகாக்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. நம் மீது தவறில்லை, மொழியே அப்படித்தான்.

அதனால் ஒரே தேடலில் முடிக்க நினைக்காதீர்கள். குதிகால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் ‘கால் வலி’ என்றால் கடலளவு வரும். ‘காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகால் வலி’ என்று நடப்பதை அப்படியே எழுதுங்கள். வரும் பக்கங்களைப் படித்தால் ‘பிளான்டர் ஃபேசியைடிஸ்’ (பாதத்தின் அடியில் ஓடும் திசுப்பட்டையில் வரும் கோளாறு) என்ற பெயர் கண்ணில் படும். உங்களுக்கு இருப்பது அதுதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெயரோடு மறுபடி தேடினால் விவரமான பக்கங்கள் கிடைக்கும். முதல் தேடல் சொல்லைப் பிடிக்க, இரண்டாவது விடையைப் பிடிக்க. அரிதான சொல்லுக்குத் தேடலில் வலு அதிகம். கணினி ஆய்வாளர் கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இலேயே இதைக் கணக்காக்கிக் காட்டினார்.

அப்புறம், நாம் நம்புவதைக் கேள்விக்குள் வைத்துவிடக் கூடாது. இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். ‘நடந்தால் குதிகால் வலி ஏன் கூடுகிறது’ என்று கேட்டால், கூடுகிறது என்று சொல்லும் பக்கங்களே முன்னால் வந்து நிற்கும். ‘குதிகால் வலி நடைப்பயிற்சி’ என்று போட்டால் இரண்டு பக்க வாதமும் தெரியும்.

கணினி காட்டும் பிழைச் செய்தி என்றால் மட்டும், சொந்த நடையில் எழுதாமல் அப்படியே நகலெடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இதற்கும் சரிவராவிட்டால், நீங்கள் போட்ட சொற்களை வரிசை மாறாமல் எழுதி அனுப்புங்கள். எந்தச் சொல்லை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.